முகூர்த்தப் பட்டில் விழுந்த எச்சில்

"இந்த மாத்திரையை என் கையால ஒழிச்சிக் காட்டுறேன்" என்று தேவசகாயம் கூடத்தின் நடுவில் நின்று முழங்கியதைப் போன வார அத்தியாயத்தில் படித்துவிட்டுச் சில வாசகர்கள் பதறியிருக்கலாம். அவர் மனைவி மேரி பதறவில்லை. அந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன் என்றார், சுண்ணாம்புகூட வாங்கவில்லை. வார்டு தேர்தலில் நிற்கிறேன் என்றார், தன் படத்தைப் போட்டு பேனர் வைத்ததோடு சரி. சொன்னதைச் செய்யாமல் இருப்பதில் தேவசகாயத்தை மிஞ்ச செவிலிமேட்டில் ஆள் கிடையாது.

தம்பி ஜான்சனின் மாத்திரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டலாமா என்று அன்றைக்கு ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, சீ, இந்த ஆளுக்குப் பயந்து பீரோவைப் பூட்டுவதா என்று அதை ஃபிரிட்ஜின் மேல் வழக்கமான இடத்திலேயே வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

வீடு மேரியின் அப்பா அந்தோணி பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து கட்டியது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அம்மா மரியம்மாள், தம்பி ஜான்சன், மேரி, தேவசகாயம் என்று நாலு பேர். தேவசகாயம் வீட்டோடு மாப்பிள்ளை. அப்படிச் சொன்னால் அவருக்கு ரோஷம் வந்துவிடும். "அத்தைக்குத் துணைக்கு இருக்கேன்" என்பார். அத்தை சுட்ட தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே சொல்வார்.

ஜான்சனுக்கு மனச்சிதைவு வியாதி வந்தபோது இருபது வயது தாண்டியிருந்தது. டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண் தன்னைப் பேர் சொல்லித் திட்டுகிறாள் என்று டி.வி.யைத் தூக்கிக் கிணற்றில் போட்டான். முதலில் கொடுத்த மாத்திரைக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நாக்கு வெளியே தள்ளியது. அதைப் பேய் என்று தேவசகாயம் ஜெபத்துக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியில் ஒரே ஊசியில் கழுத்தை நேராக்கி அனுப்பினார்கள். அடுத்த மாத்திரைக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை, நாளெல்லாம் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். மூன்றாவதாக வந்ததுதான் க்ளோசபைன். அந்தச் செய்தி வாசிக்கிற பெண் அதன் பிறகுதான் வாயை மூடினாள்.

ஆனால் அது சும்மா விழுங்கிவிட்டுப் போகிற மாத்திரை இல்லை. இரத்தத்தில் வெள்ளையணு குறைந்துவிடாமல் இருக்கிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதையெல்லாம் வருஷக்கணக்காகச் செய்துவருகிறவள் மேரி. அம்மா மறந்துபோவாள், புருஷன் உருப்படாதவர், தம்பி மந்தம். மேரிக்குத் தெரிந்த உலகத்தில் உருப்படியான ஆள் ஒருத்திதான், அது மேரி.

அவளுக்கு நாக்கும் கொஞ்சம் நீளம். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள், ஜான்சன் கொல்லைச் சுவரோரம் பீடியை முடித்துவிட்டு உள்ளே வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "உன் பக்கத்துல நிக்கிறதுக்கு பாலாத்துச் சுடுகாட்டுல போயி நிக்கலாம்டா. என்னைக்காவது ஒரு நாள் மனுசன் மாதிரி வாடை வருதா உன்மேல." எல்லோரும் சிரித்தார்கள். ஜான்சனும் சிரித்தான்.

மறுநாள் பூசையில் ஃபாதர் பிரசங்கம் வைத்தார். இந்தத் தவக்காலத்துக்கு எதையாவது ஒன்றை விடுங்கள், விட்டதை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள், அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருக்கட்டும் என்றார். மரியம்மாள் காப்பியை விட்டாள். அவள் சொல்லவில்லை, தலைவலித் தைலம் வாடையிலேயே வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. தேவசகாயம் கறியை விட்டார். அதைத் தன் படத்தோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். மேரி எதையும் விடவில்லை. இந்தக் கூட்டத்தோடு வாழ்வதே போதுமான தவம் என்பது அவள் கணக்கு.

*

தவக்காலத்தின் நாலாவது வெள்ளிக்கிழமை காலையில் ஜான்சன் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். முன்பெல்லாம் ராத்திரி எச்சில் ஒழுகித் தலையணை நனையும், அது இந்த மாத்திரைக்கு உண்டான சங்கதி என்று டாக்டரே சொல்லியிருந்தார். இப்போது பட்டப்பகலிலும் வாயோரம் ஒழுகியது. தட்டை வைத்துவிட்டுத் திரும்பினால் சோற்றில் கையை வைத்தபடி தூங்கினான். கை திடீர் திடீரென்று வெட்டி இழுத்து டம்ளர் உருண்டது. மேரி அதற்கெல்லாம் ஒரே பெயர் வைத்திருந்தாள், சோம்பேறித்தனம்.

"டேய், எழுந்திரு. மொதலாளி உனக்காகக் கடையத் தொறக்காம காத்துக்கினு இருக்க மாட்டாரு."

"தல சுத்துதுக்கா."

"உனக்கு என்னைக்குடா சுத்தல."

சட்டைத் தோளை இரண்டு விரலால் பிடித்து உட்கார வைத்தாள். எட்ட நின்றபடியே மாத்திரையை அவன் உள்ளங்கையில் போட்டாள். பீடி நாற்றம் தன்மேல் ஒட்டாமல் இருக்க அவள் கண்டுபிடித்து வைத்திருந்த தூரம் அது. அவன் விழுங்கினான். தண்ணீரில் பாதி கழுத்தில் வழிந்தது.

"பாத்தியா மேரி, ஆளப் பாத்தியா." தேவசகாயம் தோசையோடு வந்து நின்றார். "இது மாத்திரையா, மயக்க மருந்தா. நல்லா இருந்த பையன இப்பிடி கட்டையாட்டம் ஆக்கி வெச்சிட்டீங்க. சாயங்காலம் தியானக் கூட்டத்துக்கு வேன் வருது, ஜான்சனுக்கு எடம் சொல்லிட்டேன். பத்து நாள் ஜெபம். அங்க மாத்திரைக்கு வேலையே கெடையாது."

"மொதல்ல சட்டைக்குப் பட்டனப் போடுங்க."

"உனக்கு எல்லாம் எளக்காரம்தான். எதிர் வூட்டு சரத்குமார் பொஞ்சாதி பிரியதர்ஷினி இல்ல, கொழந்த பொறந்ததுலேருந்து அந்தப் பொண்ணு கண்ண மூடலையாம். நேத்து சரத்து என்கிட்ட வந்து அழுவுறான். அங்க ஒருத்திக்குத் தூக்கம் இல்ல, இங்க ஒருத்தன் தூங்கியே சாவுறான். பாத்து எதனா செய்யணும்."

"செய்வீங்க, செய்வீங்க."

மரியம்மாள் அடுக்களையிலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "எனக்கென்னமோ கண்ணு பட்டாப்ல இருக்குது மேரி. புள்ள எளைச்சுக் கெடக்குறான். இந்த மாசம் ஒரு தீப்பெட்டிகூட காணாமப் போவல, பாத்துக்க."

"திருடுறதுக்கும் ஒடம்புல தெம்பு வேணும்லம்மா" என்றாள் மேரி. சொன்னது தனக்கே பிடித்திருந்தது. கைப்பையை மாட்டிக்கொண்டு தம்பியை முன்னால் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

*

காந்தி ரோட்டில் துரைக்கண்ணுவின் பட்டுக்கடையில் மேரிக்குக் கல்லாவில் வேலை. ஜான்சனுக்குப் பிரித்துப்போட்ட சேலைகளை மடித்து வைக்கிற வேலை. அவன் மடிப்பு சுத்தமாக இருக்கும், கரையோடு கரை பிசகாமல் உட்காரும். அதை மேரி ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த வேலையும் போனால் இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்கிற பயம் மட்டும் உள்ளுக்குள் இருந்தது.

அன்றைக்கு ஒரு கல்யாண கோஷ்டி. இந்த மாதிரிக் கூட்டத்தைப் பார்த்தாலே மேரிக்குக் குமட்டும். அலமாரியைக் காலி பண்ணுவார்கள், கலர் எப்படித் தெரிகிறது என்று வாசல் வெயிலுக்கும் உள்ளுக்குமாக நாலு தடவை அலைவார்கள், கடைசியில் முதலில் பார்த்ததையே எடுப்பார்கள். பெண்ணுக்குப் பெரியம்மா என்று வந்திருந்த காமாட்சியம்மாள் பாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கல்யாணப் பெண் வாயைத் திறக்கும்முன் எல்லாச் சேலையையும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் தாண்டி ஒருவழியாக அரக்குக் கலரில் முகூர்த்தப் பட்டு முடிவானது. மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். சேல்ஸ்மேன் லோகேஸ்வரன் அதை மடிப்பதற்காக ஜான்சன் மடியில் போட்டான்.

ஜான்சன் ஒரு மடிப்பு மடித்தான். அடுத்த மடிப்புக்கு நீட்டிய கை அப்படியே நின்றுபோனது. தலை மார்பில் விழுந்தது. வாயிலிருந்து நூல் மாதிரி இறங்கிய எச்சில் முந்தானை ஜரிகைமேல் சொட்டியது.

"ஏய்." காமாட்சியம்மாள் எழுந்துவிட்டாள். "எச்சி. முகூர்த்தப் பட்டுல எச்சி துப்பிட்டான்."

கல்யாணப் பெண் அழத் தயாரானாள்.

"குடிச்சிட்டு வந்திருக்கான்யா" என்றார் கூட்டத்தில் ஒரு மாமா. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல குடிகாரன உக்கார வெச்சிருக்கீங்களே, இது கடையா."

மேரி கல்லாவைவிட்டு இறங்கி வந்தாள். அவளுக்கு முதலில் வந்தது மானம் போன எரிச்சல்தான், பயம் இல்லை. இத்தனை வருஷம் அவள் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்த இடம் அது. "எழுந்திருடா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஜான்சன் கண்ணைத் திறந்தான். அக்கா கூப்பிட்டது மட்டும் புரிந்தது. எழுந்தான். எழுந்த வேகத்தில் முகம் வெளுத்தது, இரண்டு கையும் வெட்டி இழுத்தன, அலமாரி விளிம்பில் நெற்றி மோத அப்படியே சரிந்து விழுந்தான்.

லோகேஸ்வரன்தான் அவனைத் தாங்கித் திருப்பிப் போட்டான். வாயருகே குனிந்து முகர்ந்தும் பார்த்தான். "குடிக்கலக்கா. ஒரு வாடையும் இல்ல. சுத்தமா ஒரு வாடையும் இல்லக்கா."

மேரி அதைக் காதில் வாங்கவில்லை. தம்பியின் நெற்றியில் இரத்தம் கசிந்தது. கண் பாதி மூடி, கருவிழி மேலே செருகியிருந்தது. அவளுடைய எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

"கூட்டிக்கினு போம்மா" என்றார் துரைக்கண்ணு, குரலை உயர்த்தாமல். "மொதல்ல பையன டாக்டர்கிட்ட காட்டு. ஆனா இனிமே அவன் கடைக்கு வேணாம். நீ தப்பா எடுத்துக்காத."

லோகேஸ்வரனே ஆட்டோ பிடித்து வந்து ஏற்றிவிட்டான். போகிற வழியில் தேவசகாயம் போன் செய்தார். "வேன் அஞ்சு மணிக்கே வந்துடுமாம். ஜான்சனுக்கு ரெண்டு வேட்டி எடுத்து வெச்சிட்டேன். இன்னொரு விஷயம் மேரி, அந்த மாத்திரை..."

"போன வைங்க" என்று துண்டித்தாள்.

ஜான்சன் சீட்டில் சாய்ந்து கிடந்தான். மேரி பழக்கதோஷத்தில் மறு ஓரமாக உட்கார்ந்து, முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுகாசினி இருந்தார். முதுகில் பை மாட்டிக்கொண்டு காலேஜ் பெண் மாதிரி வருகிற இந்த டாக்டர்மேல் மேரிக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. பேசுவதைவிடக் கேள்வி கேட்பது அதிகம் என்பது அவள் குறை.

இன்றைக்கும் கேள்விதான். படுக்கவைத்து ஒரு தடவை, உட்காரவைத்து ஒரு தடவை இரத்த அழுத்தம் பார்த்தார். நாடி பிடித்தார். நெற்றிக் காயத்துக்கு நர்ஸ் பஞ்சு வைத்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தார்.

"காய்ச்சல் இருந்துச்சா? தொண்டைவலி?"

"இல்ல மேடம்."

"வயிறு எப்படி? வெளிக்கிப் போறாரா?"

மேரிக்குத் தெரியவில்லை. அதையெல்லாமா பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜான்சன் கண்ணைத் திறக்காமல், "நாலு நாளா இல்ல" என்றான். நாக்கு குழறியது.

டாக்டர் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "இந்த மருந்துக்கு மலச்சிக்கல் சாதாரண விஷயம் இல்லைம்மா. குடலே நின்னு போயிடலாம். கேக்கணும்னு சொல்லியிருக்கேன்ல. சரி, வேற யாராவது புதுசா மாத்திரை குடுத்தாங்களா? சளிக்கு, இருமலுக்கு, ஆன்டிபயாடிக் எதாவது?"

"இல்ல மேடம்."

"இதையே கூட ரெண்டு போட்டுக்கிட்டாரா?"

"என் கையால நான்தான் குடுக்குறேன். ஒண்ணு கூட்டுனதும் இல்ல, கொறைச்சதும் இல்ல." மேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் சரியாத்தான் பாத்துக்கினு இருக்கேன். வூட்ல இருக்கறதுங்கதான் ஒண்ணும் சரி இல்ல."

"பீடி?"

மேரிக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. ஒவ்வொரு மாதமும் கேட்பார். குடும்பத்தையே குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும். "அது எங்க மேடம் நிக்கப் போவுது. ஒரு நாளைக்கு ஒரு கட்டு. சொல்லிப் பாத்தாச்சு, திட்டிப் பாத்தாச்சு. அது இவன் கூடவே பொறந்தது, இவன் கூடவேதான் போவும்."

"இல்ல" என்றான் ஜான்சன்.

"நீ சும்மா இருடா."

"இல்லக்கா. உட்டுட்டேன்."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவன் பக்கம் உட்கார்ந்தார். "எப்போ ஜான்சன்?"

"விபூதிப் பொதன்லேருந்து."

"ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல."

மேரி சிரித்துவிட்டாள். "மேடம், இவன் பேச்சக் கேக்காதீங்க. நான் ஒரே வூட்ல இருக்கேன். எனக்குத் தெரியாமயா." சொல்லிக்கொண்டே வந்தவளுக்குத் தீப்பெட்டி ஞாபகம் வந்தது. அப்புறம் லோகேஸ்வரன் குனிந்து முகர்ந்து சொன்னது. சிரிப்பு பாதியில் நின்றது.

டாக்டர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "விபூதிப் புதனுக்கு அடுத்த வாரம் இரத்தம் கொடுக்க வந்தீங்க. ஏதாவது மாற்றம் உண்டான்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?"

மேரிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஜான்சன் எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டு, இவனுக்கு என்ன மாற்றம் வரப்போகுது, அதே பீடி, அதே சோம்பல் என்றாள். அதற்குப் பக்கத்திலிருந்த நர்ஸ் சிரித்தது உட்பட ஞாபகம் இருந்தது.

"பீடிய உட்டா நல்லதுதான மேடம்" என்றாள், குரல் இறங்கி.

"ரொம்ப நல்லதும்மா. நான் இவ்ளோ வருஷமா தலைகீழா நின்னும் விடல, தானா விட்டிருக்காரு. ஆனா சொல்லிட்டு விட்டிருக்கணும். பீடிப் புகை உடம்புக்குள்ள போகப் போக, ஈரல் இந்த மருந்த வேகமா கரைச்சு வெளிய தள்ளிடும். அதுக்கும் சேத்துத்தான் இவருக்கு இந்த அளவு கொடுத்திருந்தேன். புகை நின்னுபோச்சு, மாத்திரை மட்டும் அதே அளவு உள்ள போயிட்டிருக்கு. கரையாம இரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கு. அதான் இந்தத் தூக்கம், எச்சில், கை வெட்டுறது, எழுந்தா தலை சுத்துறது. நீங்க தினமும் சரியா கொடுத்தீங்க பாருங்க, அதுதான் இப்போ அதிகமாப் போச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும்."

"அப்போ மாத்திரைய நிறுத்திடலாமா மேடம்? அவுரு, எங்க வூட்டுக்காரரு, தியானத்துக்குக் கூட்டிக்கினு போவணும்னு..."

"யாரு சொன்னாலும் நீங்களா நிறுத்தக் கூடாது. திடீர்னு நின்னா பழைய சத்தமெல்லாம் ரெண்டு பங்கா திரும்பும். ரெண்டு நாளுக்கு மேல விட்டுப்போச்சுன்னா மறுபடி பழைய அளவுல ஆரம்பிக்கவும் கூடாது, முதல்லேருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். தியானம் எல்லாம் அப்புறம். இன்னைக்கு இவர் இங்கதான் இருக்கணும். இரத்தம் எடுப்போம், ஈ.சி.ஜி. பாப்போம், அளவ நான் குறைக்கிறேன். அதுக்காக மறுபடியும் பீடியப் பத்தவெச்சிடாதீங்க ஜான்சன், அளவு திரும்பத் தடுமாறிடும். விட்டது விட்டதா இருக்கட்டும்."

ஜான்சன் தலையை அசைத்தான்.

"ஏன்டா சொல்லல" என்றாள் மேரி. திட்டுவதற்காகத்தான் ஆரம்பித்தாள், குரல் அதற்கு ஒத்துழைக்கவில்லை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா."

"ஃபாதர் சொன்னாருல்லக்கா. உட்டத வெளிய சொல்லக் கூடாதுன்னு." அவன் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "நீ எப்பிடியும் கண்டுபுடிச்சிடுவன்னு நெனச்சேன். பக்கத்துல வந்தாத் தெரிஞ்சிடும்ல."

நர்ஸ் இரத்தம் எடுக்க அவன் கையை நீட்டச் சொன்னாள். டாக்டர் எழுந்து ஈ.சி.ஜி.க்குச் சொல்லப் போனார்.

மேரி கட்டிலருகே வந்தாள். தினமும் காலையிலும் ராத்திரியிலும் இவன் கையில் மாத்திரை போட்டவள் அவள். நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தவளும் அவள்தான், அதையும் கை நீளத்துக்கு எட்ட நின்று புறங்கையால் பார்த்தாள். இவன் தவக்காலம் தொடங்கியதிலிருந்து தன்னைச் சுத்தமாக்கிக்கொண்டு அக்கா பக்கத்தில் வருவாள் என்று காத்திருந்திருக்கிறான். அவள் எட்ட நின்றே பேர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

குனிந்தாள். அவன் சட்டைக் காலரில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். சோப்பு வாசம், வேர்வை, நாளெல்லாம் சேலைகளுக்கு நடுவில் உட்கார்ந்ததில் ஒட்டிய புதுப்பட்டின் வாசம். பீடி இல்லை. மேரிக்கு அழுகை வந்தது. பொது இடத்தில் அழுகிற பெண்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. இப்போது அவளே அழுதாள், நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள்.

"மனுசன் மாதிரி வாடை வருதாக்கா?" என்றான் ஜான்சன், கண்ணை மூடியபடி.

"வருதுடா" என்றாள். "வருது."

டாக்டர் திரும்பி வந்தார். "வீட்ல மீதி மாத்திரை எவ்வளவு இருக்கு? எல்லாத்தையும் இங்க கொண்டுவரச் சொல்லுங்க, புது அளவுக்கு மாத்தித் தர்றேன். பத்திரமான எடத்துலதான வெச்சிருக்கீங்க? பழக்கம் இல்லாத ஆள் இதுல ஒண்ணு போட்டாக்கூட பிரஷர் எறங்கி மயங்கிடுவாங்க. உசுருக்கே ஆபத்து."

"பத்திரமாத்தான் மேடம் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே மேரி தாழ்வாரத்துக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். மரியம்மாள் கொஞ்ச நேரம் அழுதாள், இயேசுவைக் கூப்பிட்டாள். அதற்கெல்லாம் இடம் கொடுத்துவிட்டு, "சரிம்மா, ஃபிரிட்ஜ் மேல மாத்திரை டப்பா இருக்குது பாரு, அத எடுத்து வை, கடையிலேருந்து லோகேஸ்வரன வரச் சொல்றேன், அவன்கிட்ட குடுத்து அனுப்பு" என்றாள்.

அந்தப் பக்கம் மரியம்மாள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"அம்மா."

"அது இங்க இல்லியே மேரி. நீ பஸ் ஏறுனதும் உன் வூட்டுக்காரரு எடுத்துக்கினு போயிட்டாரே."

"எங்க போயிட்டாரு? தூக்கிப் போட்டுட்டாரா?"

"தூக்கிப் போடுவாரா. நான்தான் கேட்டேன், இவ்ளோ மாத்திரையும் வீணாப் போவுமேன்னு. வீணாவாது அத்த, இதப் போட்டா எப்பிடி தூங்குறாங்கன்னுதான் நம்ம ஜான்சனப் பாத்தாலே தெரியுதேன்னாரு. எதிர் வூட்டு சரத்குமார்கிட்ட குடுத்திருக்காரு. பிரியதர்ஷினிக்கு மத்தியானமே ரெண்டு குடுக்கச் சொல்லி."

கல்யாணமானதிலிருந்து சொன்ன ஒன்றையும் செய்யாத மனிதர், இன்றைக்குப் பார்த்துச் செய்திருந்தார்.

"அம்மா, உடனே எதிர் வூட்டுக்குப் போ. போய் அந்தப் பொண்ண எழுப்பு. சரத்குமார் இருக்கானா?"

"அவன் சாப்ட்டுட்டு வேலைக்குப் போயிட்டாம்மா. அவ தூங்குறா போலக்கீது, கதவு சாத்திக் கெடக்குது." மரியம்மாள் போனை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். "கொழந்ததான் அப்போலேருந்து அழுதுக்கினே இருக்குது. யாரும் தூக்கல."